சௌல் துறைமுகத்து ரஷ்யர்

ரஷ்யாவுக்குப் போய் வருவது நம் மாணவர்களுக்கு இன்று அரிய செய்தி அன்று. மருத்துவம் படிக்கப் போகின்றவர் பலர். விடுமுறையில் ஊர் சுற்றிப் பார்த்து வருகின்றவர் சிலர். அவர்கள் கொண்டுவந்து காட்டும் படங்களில், வெங்காயம் கவிழ்த்தாற்போன்ற பொற்கூம்புகளை உடைய கிறித்தவக் கோயில்கள் தவறாமல் இருக்கின்றன. செர்கீவ் பசாத், ரஸ்தோவ், யாரஸ்லாவ்ல், கஸ்த்ரமா, சூஸ்தல், விளாதிமிர் என்று மாஸ்கோவுக்கு வடகிழக்கே வளையமாக அமைந்த பழைய ஊர்களுக்குப் ‘பொன் வளையம்’ என்று பெயர். புராணப் பெயர் போல ஒலிக்கிறது. ஆனால் 1967-இல் யூரி பிச்கோவ் என்ற எழுத்தாளர் ஒரு செய்தித்தாளில் எழுதிய கட்டுரைகளுக்கு இட்ட தலைப்பு அது. ஊர்கள் பழையவை, பெயர் நம் தந்தையார் காலத்தது.

இந்த ஊர்களைப் பற்றி எழுதுக என்று மன்றத்தார் கேட்டனர். நான் ரஷ்யாவைக் கண்டதில்லை. கண்டவர்கள் எழுதட்டும். நான் எழுத விரும்புவது, அந்த ஊர்களின் வழியாக வந்து, இங்கே மும்பைக்குத் தெற்கே சௌல் துறைமுகத்தில் இறங்கிய ஒரு ரஷ்யரைப் பற்றி. அவர் புறப்பட்ட இடத்துக் கோயில்கள் பின்னாளில் அழிந்தன. அவர் எழுதிவைத்த சில தாள்கள் அழியவில்லை. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இதில் இருக்கிறது என்பது என் கருத்து.

அவர் பெயர் அபனாசி நிகிதின். வால்கா ஆற்றங்கரையில் உள்ள த்வேர் என்ற நகரத்து வணிகர். 1466-இல் புறப்பட்டார் என்பது பழைய கணக்கு. 1468 என்பது பின்வந்த ஆராய்ச்சியாளர் கணக்கு. எப்படியாயினும் வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டை அடைவதற்குக் கால் நூற்றாண்டுக்கும் முன்பே அவர் இந்திய மண்ணை மிதித்துவிட்டார். படை இல்லை, பீரங்கி இல்லை, அரசன் கொடுத்த ஓலையும் இல்லை. ஆகையால் பாடப் புத்தகத்திலும் அவருக்கு இடம் இல்லை போலும்!

தம் பயணக் குறிப்பை அவர் தொடங்கும் முறை கவனிக்கத்தக்கது. த்வேரின் பொன்முடி வேய்ந்த மீட்பர் கோயிலிலிருந்து புறப்பட்டதாக முதலில் சொல்கிறார். அடுத்துக் கல்யாசின் மடத்துக்குப் போய் அங்கிருந்த மக்காரி என்ற துறவியிடம் ஆசி பெறுகிறார். பிறகு ஊக்லிச், கஸ்த்ரமா, நீழ்னி நோவ்கரத் என்று வால்கா வழியே படகு இறங்குகிறது. ஷிர்வான் மன்னருக்கு மாஸ்கோ வேந்தர் அனுப்பிய 90 வல்லூறுகளுடன் ஊர் திரும்பிக்கொண்டிருந்த தூதர் ஒருவருடன் சேர்ந்து பயணம். நம் ஊரில் பயணம் புறப்படுகின்றவர் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத் திருநெல்வேலிச் சந்திப்பில் ரயில் ஏறுவார் அன்றோ? அதே ஒழுங்கு.

அஸ்த்ரகான் அருகே தாத்தாரியர் படகுகளைக் கொள்ளையிட்டனர். சரக்கு போயிற்று, சரக்கோடு புத்தகங்களும் போயின. திரும்பிப் போனால் கடன்காரர் வாயிலில் நிற்பர். ஆகவே மேலும் முன்னே போனார்: தெர்பெந்த், பாக்கூ, பாரசீகம், ஹோர்முஸ். அங்கே ஒரு குதிரை வாங்கினார். இந்தியாவில் குதிரைக்கு நல்ல விலை என்று யாரோ சொல்லியிருந்தனர். குதிரையோடு கப்பலேறி வந்து இறங்கிய இடம் சௌல். தாம் போகுமிடமெல்லாம் மக்கள் கூட்டமாகப் பின்தொடர்ந்து வெள்ளை நிறத்தவனைக் கண்டு வியந்தனர் என்று எழுதியிருக்கிறார். பின்னர் ஜுன்னரில் தங்கியபோது, நான்கு மாதம் இரவும் பகலும் எங்கும் தண்ணீரும் சேறுமாக இருந்ததாகக் குறிக்கிறார். ஜூலை மாதத்தில் கிங் சர்க்கிளில் முழங்கால் நீரில் நின்றவர்க்கு இதற்கு உரை வேண்டா.

ஜுன்னரின் தலைவன் அசத் கான் அந்தக் குதிரையைப் பறித்துக்கொண்டான். மதம் மாறினால் குதிரையையும் தருவேன், ஆயிரம் பொன்னும் தருவேன்; மாறாவிட்டால் குதிரையும் இல்லை, தலைக்கு ஆயிரம் பொன் தண்டமும் உண்டு என்று நான்கு நாள் தவணை கொடுத்தான். குராசானத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெரியவர் பரிந்து பேசியதால் நிகிதின் தப்பினார்; குதிரையும் திரும்பக் கிடைத்தது. வற்புறுத்தியவனும் முஸ்லிம், காப்பாற்றியவரும் முஸ்லிம். இரண்டையும் ஒளிக்காமல் எழுதினார். அதற்குப் பிறகு தம் நாட்டாருக்கு ஓர் அறிவுரையும் சொல்கிறார்: இந்தியாவுக்கு வர விரும்புகிறவர் தம் சமயத்தை ரஷ்யாவிலேயே விட்டுவிட்டு வரட்டும் என்று. கசப்பில் சொன்ன சொல். அவர் மட்டும் அப்படி விட்டுவிடவில்லை, விடவும் முடியவில்லை.

இனிச் சொல்லப்போகும் பகுதிதான் இயற்பியல் படிக்கும் என்னை அவரிடம் இழுத்தது.

நிகிதின் ரஷ்யாவின் மரபுவழித் திருச்சபையைச் சேர்ந்தவர். ஆர்த்தடாக்ஸ் என்று சொல்வார்களே, அது. (தாதரில் நம் மலையாள நண்பர்கள் செல்லும் ஆர்த்தடாக்ஸ் கோயிலும், குமரி மாவட்டத்துத் திருவிதாங்கோட்டில் உள்ள மிகப் பழைய கோயிலும் அதே சொல்லைத் தாங்கினாலும் வேறு கிளை. 451-ஆம் ஆண்டு கால்செதோன் நகரில் கூடிய சங்கத்தின் முடிவை ஏற்றவர் ஒரு பக்கம், ஏற்காதவர் மறு பக்கம்.) அந்தத் திருச்சபையில் ஆண்டு முழுவதும் விழாவும் நோன்புமாக வகுத்திருக்கிறார்கள். புதனும் வெள்ளியும் நோன்பு. பெருநோன்பு எப்போது தொடங்குகிறது என்பது ஈஸ்டர் நாளைப் பொறுத்தது. ஈஸ்டரோ நிலவையும் கதிரவனையும் கிழமையையும் ஒன்றாகக் கட்டி வைத்த கணக்கு. வசந்த கால சம இரவு நாளாகிய மார்ச் 21-க்குப் பின்வரும் முழுநிலவு, அதற்கு அடுத்த ஞாயிறு. இதற்கு 19 ஆண்டுச் சுழற்சி கொண்ட அட்டவணை வேண்டும். அட்டவணை புத்தகத்தில் இருந்தது. புத்தகம் வால்காக் கரையில் போயிற்று.

புத்தகம் இல்லாததால் கிறித்தவ விழாக்களை எல்லாம் மறந்தேன். ஈஸ்டரும் தெரியவில்லை, கிறிஸ்துமஸும் தெரியவில்லை, புதனும் வெள்ளியும் தெரியவில்லை என்று அவர் வருந்தி எழுதுகிறார். அப்படியும் சும்மா இருக்கவில்லை. பீதர் நகரில் இருந்தபோது ஈஸ்டர் நாள் எதுவென்று குறிகளைக் கொண்டு கணிக்கப் பார்த்தார். முஸ்லிம்களின் பைராம் பண்டிகைக்கு ஒன்பது பத்து நாள் முந்தி ஈஸ்டர் வரும் என்று ஒரு விதி செய்துகொண்டார். விடியல் ஒளியில் கார்த்திகை மீன்கள் கலந்ததையும், எழுமீனின் தலை கிழக்கே திரும்பி நின்றதையும் குறித்துவைத்தார். முஸ்லிம்கள் நோன்பிருந்த மாதத்தில் தாமும் அவர்களோடு நோன்பிருந்தார்.

அந்த விதி எத்தனை நாளைக்குச் செல்லும்? முஸ்லிம் ஆண்டுக்கு ஏறக்குறைய 354 நாள். பண்டிகை ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகரும். ஈஸ்டரும் நிலவைத் தொடர்வதால் ஓரிரண்டு ஆண்டு அதனோடு சேர்ந்தே நகரும். பிறகு கதிரவன் குறுக்கிடுவான். மராத்திப் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் நுழைப்பதுபோல் ஈஸ்டர் கணக்கும் ஒரு மாதத்தை இடையில் சேர்த்துக்கொள்ளும். முஸ்லிம் கணக்கு சேர்க்காது. அன்றைக்கு நிகிதினின் விதி ஒரு மாதம் பிழைத்துப்போகும். ஆனால் தொலைவில் கிடந்த ஒரு மனிதர், கையில் ஏடு இல்லாமல், அயலார் பண்டிகையையும் வானத்து மீனையும் பிடித்துக்கொண்டு தம் ஊர்த் திருநாளைத் தேடினாரே, அந்த முயற்சியைப் பிழை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

நம் வீடுகளைப் பாருங்கள். சமையலறைச் சுவரில் ஊரிலிருந்து வந்த தினசரி நாள்காட்டி தொங்குகிறது. காலையில் தாளைக் கிழிப்பது மூன்றாம் தலைமுறைப் பிள்ளையின் வேலை. கிழிக்கத் தெரியும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது. அமாவாசை எது, ஆடிப்பெருக்கு எது என்று பாட்டிதான் சொல்ல வேண்டும். மாநகராட்சி நடத்தும் தமிழ்ப் பள்ளிகள் இந்த நகரில் இருக்கின்றன. அவற்றில் படித்தவர் நம் மன்றத்தில் எத்தனை பேர் என்று கை தூக்கச் சொன்னால் தெரிந்துவிடும். நிகிதினின் புத்தகத்தைக் கொள்ளைக்காரர் பறித்தனர். நம்மிடம் யாரும் பறிக்கவில்லை.

பீதரில் பழகிய இந்துக்களிடம், தாம் முஸ்லிம் அல்லர், கிறித்தவர் என்று நிகிதின் சொன்னபின் அவர்கள் அவரிடம் எதையும் மறைக்கவில்லையாம். அவர்களோடு சேர்ந்து அவர் ஒரு திருத்தலத்துக்கு யாத்திரையும் போனார். அதன் பெயரைப் ‘பர்வத்’ என்று எழுதுகிறார். கிருஷ்ணை ஆற்றங்கரையில் உள்ள ஸ்ரீசைலம் அது. இங்கே நாம் சற்று நிமிர்ந்து உட்கார வேண்டும். அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருப்பருப்பதம் அதுவே. தேவாரத்துப் ‘பருப்பதம்’, த்வேர் வணிகரின் ‘பர்வத்’, இரண்டும் ஒரே சொல்.

ஸ்ரீசைலத்தை அவர் எப்படி விளங்கிக்கொண்டார்? முஸ்லிம்களுக்கு மக்கா எப்படியோ, எங்களுக்கு எருசலேம் எப்படியோ, இவர்களுக்குப் பர்வத் அப்படி என்றார். கோயில் எவ்வளவு பெரியது? த்வேரில் பாதி இருக்கும் என்றார். கையை உயர்த்தி நிற்கும் சிலையைக் கண்டதும் கான்ஸ்தாந்திநோபிளில் இருந்த ஜஸ்தீனியன் பேரரசரின் சிலை நினைவுக்கு வந்தது. கருங்கல்லில் செதுக்கிப் பொன்பூசிய பெரிய நந்தியையும், அதன் குளம்பை முத்தமிட்டு மலர் தூவுவோரையும் பார்த்தார். ஆணும் பெண்ணும் முடி களைந்துகொள்வதையும் பார்த்தார். யாத்திரிகர் ஒவ்வொருவரிடமும் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கினார்கள் என்பதையும் எழுதிவைத்தார். சிறப்புக் கட்டண தரிசனம் நேற்று முளைத்தது என்று எண்ணியிருந்தவர்கள் தெளிவு பெறலாம்.

இகழ்ச்சி இல்லை, பூரிப்பும் இல்லை. தம் ஊர் அளவுகோலால் அயல் ஊரை அளந்தார். புலம்பெயர்ந்தவன் எல்லாரும் செய்வது அதுதான். செம்பூர் சேடா நகரில் முருகனுக்குக் கோயில் எடுத்த நம் முன்னோர் அந்த ஊரைத் ‘திருச்செம்பூர்’ என்றனர். திருச்செந்தூரை நெஞ்சில் வைத்திருந்தவர் காதில் செம்பூர் என்ற மராத்திப் பெயர் அப்படித்தான் விழும்! மாட்டுங்காவின் ஆஸ்திக சமாஜத்திலும் அவ்வாறே காவிரிக்கரையைத் தேடிக்கொண்டனர்.

இனி நிகிதின் விட்டு வந்த ஊர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். ஊர் திரும்பும் வழியில் ஸ்மலேன்ஸ்க் நகரை எட்டுமுன் அவர் இறந்தார். அவர் ஏட்டை 1475-இல் வணிகர்கள் மாஸ்கோவில் வசீலி மமிரோவ் என்ற அரசு அலுவலரிடம் சேர்த்தனர். அது நாட்டு வரலாற்றுக் குறிப்புகளோடு சேர்ந்தது. பிறகு நீண்ட மறதி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரலாற்றாசிரியர் கரம்சின் அதன் படி ஒன்றைச் செர்கீவ் பசாத்தில் உள்ள திரித்துவ மடத்து ஏடுகளில் கண்டெடுத்தார். 1857-இல் ஆங்கிலத்தில் வந்தது. 1957-இல் குவாஜா அகமது அப்பாசும் வசீலி புரோனினும் இணைந்து இயக்கிய ‘பரதேசி’ படமாயிற்று; அதில் நர்கீஸோடு நம் பத்மினியும் நடித்தார்.

எழுத்து இப்படிப் பிழைத்தது. கல்? த்வேரின் மீட்பர் கோயில் இருந்த அதே இடத்தில் 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரிய கோயிலை 1935-இல் வெடிவைத்துத் தகர்த்தனர். இந்த நூற்றாண்டில்தான் அங்கே மீண்டும் கட்டினர். கல்யாசின் மடத்தை 1940-இல் இடித்தனர். ஊக்லிச் அணையின் நீர் அவ்விடத்தை மூடிக்கொண்டது. பழைய கல்யாசினில் 1800-இல் கட்டிய ஒரு மணிக்கூண்டு மட்டும் நீர்த்தேக்கத்தின் நடுவே நிற்கிறது. பயணிகள் படகில் போய்ப் படம் எடுக்கிறார்கள். அதன் அழகை வியப்பவர்களில் எத்தனை பேருக்கு அடியில் ஓர் ஊர் கிடப்பது தெரியுமோ!

நம் விடுதியில் ஒரு நண்பர் உண்டு. கடவுளை நம்பாதவர். “கோயில் போனால் என்ன, மின்சாரம் வந்ததே!” என்பார். பெரியார் 1932-இல் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்த காலம் முதல் தமிழர்கள் ரஷ்யாவின் வருங்காலத்தைத்தான் பார்த்தார்கள், அதன் பழைய கூம்புகளை அல்ல. அதைக் குறையாகச் சொல்லவில்லை. மின்சாரம் வேண்டும். ஆனால் நண்பர் கேட்கும் கேள்வி எனக்குச் சரியாகப் படவில்லை. கோயிலில் கடவுள் இருக்கிறாரா என்பது ஒரு வழக்கு. அங்கே எளிய மக்களின் வரலாறு இருக்கிறது என்பது வேறு செய்தி. அரசனுக்குக் கல்வெட்டு உண்டு. தோல் பதனிட்டவனுக்கு எங்கே? அவன் காசு சேர்த்துக் கட்டிய கோயிலிலும் பள்ளிவாசலிலும்தான். கல்யாசின் மடத்தை இடிக்குமுன் அதே சோவியத் நாட்டின் வல்லுநர்கள் சுவரோவியங்கள் பலவற்றைப் பெயர்த்தெடுத்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனதை நண்பர் நினைத்துப் பார்க்க வேண்டும். கடவுள் நம்பிக்கையால் அதைச் செய்தார்கள் என்றா சொல்வார்?

எளியவரின் எழுத்து எவ்வளவு பெறும் என்பதற்கு நோவ்கரத் என்ற மற்றொரு பழைய ரஷ்ய நகரம் சான்று. 1951-இல் அங்கே மண்ணைத் தோண்டியவர்கள் பிர்ச் மரப்பட்டையில் கீறிய கடிதம் ஒன்றைக் கண்டனர். இன்றுவரை ஆயிரத்துக்கு மேல் கிடைத்துவிட்டன. கடன், கலியாணம், வழக்கு, வசை. 13-ஆம் நூற்றாண்டில் ஒன்ஃபிம் என்ற சிறுவன் அரிச்சுவடி எழுதிப் பழகிச் சலித்துப்போய்க் குதிரைவீரன் படம் வரைந்த பட்டைகூட இருக்கிறது. நம் நாட்டுப் பனையோலைக்கு அந்தக் குளிர்ந்த ஈரச்சேற்றின் பாதுகாப்பு இல்லை, கறையானுக்கு இரையாயிற்று.

தாராவிக்கு வருகிறேன். அங்கே பெரிய மசூதி 1887-இல் தொடங்கியது. திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்கள் கட்டியது. ஆதிதிராவிட மகாஜன சங்கத்தாரின் பிள்ளையார் கோயில் 1913-ஆம் ஆண்டினது. தோல் கிடங்குகளில் வேலை செய்தவர்கள், ஊர்ச் சாதி அடக்குமுறைக்குத் தப்பி வந்தவர்கள், சதுப்பு நிலத்தில் மண் கொட்டி மேடாக்கிக் குடியேறியவர்கள் ஏற்படுத்தியவை இவை. சந்துக்குச் சந்து சிறு கோயில்கள் வேறு. அங்கே குழல் விளக்கில் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு ‘உபயம்’ என்று ஒரு பெயரும் ஊரும் எழுதியிருக்கும். நாம் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அந்தக் குழல் விளக்குத்தான் நம்முடைய மரப்பட்டைக் கடிதம். எந்த ஊரார் எந்தச் சந்தில் இருந்தனர் என்று சொல்ல வேறு ஏடு நம்மிடம் இல்லை.

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக 2024-இல் வீடுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கினர். வீட்டுக்குள் கழிப்பறை வேண்டும் என்று கேட்கும் தாய்மாரை எதிர்த்து நான் ஒரு சொல்லும் எழுத மாட்டேன். யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்ற போராட்டம் பெரியது. அதை நடத்துகின்றவர்கள் நடத்துகிறார்கள். நான் கேட்பது சிறியது. கணக்கெடுப்புப் படிவத்தில் கதவு எண் இருக்கும், சதுர அடி இருக்கும். இந்தக் கோயிலுக்கு முதல் செங்கல் யார் கொடுத்தார், எந்த வழக்கில் எந்த வட்டிக்காரனிடம் கடன் வாங்கினார்கள், 1992-93 கலவரத்தில் யார் யாரை எந்த வீட்டில் மறைத்து வைத்தார் என்பன அந்தப் படிவத்தில் இரா. அவை எண்பது வயதுப் பெரியவர்கள் சிலர் நெஞ்சில் இருக்கின்றன.

“நாம் என்ன வரலாற்று மாணவரா?” என்று கேட்கலாம். நிகிதின் குதிரை வணிகர். இலக்கணம் தவறும் இடங்கள் அவர் எழுத்தில் உண்டு. ரஷ்ய மொழியோடு துருக்கியும் பாரசீகமும் அரபும் கலந்து கிடக்கின்றன. ரஷ்ய நாட்டைப் போல் நாடு இல்லை, ஆனால் அதன் பெருமக்கள் நீதியில்லாதவர்கள் என்ற வரியை எச்சரிக்கையாகத் துருக்கி மொழியில் எழுதிவிட்டார், வணிகர் அல்லரோ! ஏட்டின் முடிவில் உள்ள வேண்டுதல் அரபுச் சொற்களால் ஆனது. அவர் மதம் மாறிவிட்டாரா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகின்றனர். நம் தாராவித் தமிழும் அப்படித்தானே? இந்தியும் மராத்தியும் கலந்த தமிழ் என்று கூசி எழுதாமல் இருந்தால் எழுத ஒருவரும் இருக்க மாட்டார். பண்டிதத் தமிழ் கைவரும் வரை பெரியவர்கள் காத்திருப்பார்களா?

டிசம்பரில் தேர்வு முடிந்த மறு ஞாயிறு சௌலுக்குப் போகலாம் என்று மன்றத்தில் சொல்லியிருக்கிறேன். கேட்வேயிலிருந்து படகில் மாண்ட்வா, அங்கிருந்து பேருந்தில் அலிபாக், பிறகு தெற்கே ரேவ்தண்டா. மழைக்காலத்தில் படகு ஓடாது. டிசம்பரில் கடல் அமைதி. பாக்குத் தோப்புகளுக்கு நடுவே பழைய சௌலின் ராமேஸ்வரர் கோயில் இருக்கிறது. ரேவ்தண்டாவில் 2002-இல் நிகிதினுக்கு எழுப்பிய நினைவுத் தூண் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வந்தால் மட்டும் போதாது. அதற்கு அடுத்த ஞாயிறு முதல், இரண்டு பேர் இரண்டு பேராகத் தாராவியில் ஒரு சந்து, மாட்டுங்காவில் ஒரு சந்து, செம்பூரில் ஒரு சந்து என்று பிரித்துக்கொள்ள வேண்டும். மராத்தி நன்கு அறிந்தவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பது நல்லது. கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்வோர் செய்யட்டும். ஆயினும் தாளில் தமிழில் எழுதிக்கொள்வதே முதல் வேலை. பெரியவரின் பெயர், சொந்த ஊர், வந்த ஆண்டு, எந்தக் கோயில் அல்லது பள்ளிவாசல் அல்லது மாதா கோயில், யார் கட்டினார், காசு எங்கிருந்து வந்தது, இன்று யார் விளக்கேற்றுகிறார். நோட்டுகள் ஆறு வாங்கி வைத்திருக்கிறேன், இருநூறு பக்கம், கோடு போட்டவை. வருகிறவர்கள் நவம்பர் முடிவதற்குள் பெயர் கொடுக்க வேண்டும்.